தட்டாமல் விட்ட கதவு

விடிகாலையில் ஃபர்ஸானாவுக்கு ஒரு கனவு வந்தது. ரயில் ஒன்று பள்ளிக்கூடத்து மாடிப்படியில் ஏறி வருகிறது. சத்தமே இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் பிள்ளைகள் மருதாணிக் கையை ஆட்டுகிறார்கள். மூன்றாவது மாடியில் ரயில் நிற்கிறது. யாரும் இறங்கவில்லை. வந்த வழியே அது மெதுவாகப் பின்னால் இறங்கிப் போகிறது.

கண் விழித்தால் வெளியே மழை. படுக்கையில் மகள் பரீஹாவும் இல்லை, கணவன் வாஹிதும் இல்லை. அவர்கள் நிஜ ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள்.

"மறதிக்காரி, இவளெல்லாம் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸா?" என்று போன வாரம் திட்டி எழுதிய வாசகிகளே, தாராளமாகத் திட்டுங்கள். அவள் தன்னைத் தானே இதைவிட மோசமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம். மாடிக்கு ஒரு மொழி. கீழே ஹிந்தி, அதற்கு மேல் உருது, அதற்கும் மேல் மராத்தி, உச்சியில் தமிழ். மழை வந்தால் முதலில் ஒழுகுவது தமிழில்தான். அந்த உச்சி மாடிக்கு ஃபர்ஸானா தலைமையாசிரியை. பெயர்தான் பெரிய டீச்சர். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில் வைத்து நடத்துவது அவள்தான், மதியச் சோற்றை ருசி பார்ப்பதும் அவள்தான், கக்கூஸ் தாழ்ப்பாள் உடைந்தால் ஆள் தேடிப் போவதும் அவள்தான்.

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. குறைந்தால் அந்த வகுப்பை மூடிச் செம்பூர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு போனால் அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்பு போகும். ஆறு வயதுப் பிள்ளையைச் செம்பூருக்குப் பஸ்ஸில் அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? கீழ் மாடி ஹிந்தியில் சேர்த்துவிடுவாள். தமிழ் எழுத்து அந்தப் பிள்ளைக்கு அத்தோடு சரி.

அதனால் மே மாதம் பூராவும் ஃபர்ஸானா கதவு தட்டினாள். இந்தப் பள்ளிகளில் அது வழக்கம். டீச்சர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து, "உங்க வீட்டுல ஒண்ணாங் கிளாஸுக்கு ஒரு பிள்ளை இருக்குன்னு சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார்கள். அவளும் அப்படித்தான் ஆரம்பித்து, கெஞ்சி, இருபது பிள்ளைகளைச் சேர்த்தாள்.

அதன் பிறகுதான் அந்தத் தப்பு. சொந்த ஊரான மேலப்பாளையத்தில் வாஹிதின் தங்கை மகளுக்குக் கல்யாணம். சந்தில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். எல்லாருக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் போட்டது வாஹித். ஃபர்ஸானா மட்டும் பள்ளி வேலைக்காக இங்கேயே தங்கிவிட்டாள். "ஸ்கூல் திறக்குறதுக்கு முந்தி திரும்பிரணும், தேதி சொல்லு" என்று அவன் கேட்டபோது, ஃபர்ஸானா ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள். அது மாட்டுங்காவில் பரீஹாவைச் சேர்த்திருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் காலண்டர். அங்கே ஒரு வாரம் தள்ளித் திறப்பு. தன் பள்ளிக்கூடம் அவளுக்கு அந்த நிமிஷம் நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. ஒன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள். மற்ற பதின்மூன்றும் ஊரில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி எண்ண வருகிறார் என்று தெரிந்ததும் அவள் போனில் அழுதாள். மாப்பிள்ளை வீட்டு விருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, பதின்மூன்று பிள்ளைகளையும் தாய்மார்களையும் கிடைத்த ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான் வாஹித்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

*

"எங்க இருக்கீங்க?"

"இன்னும் கர்ஜத் ஸ்டேஷன் தாண்டல. மலை மேலயே நிக்குது. முன்னால தண்டவாளத்துல மண்ணு சரிஞ்சிருக்காம்." போனில் வாஹிதின் குரலோடு தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. "பயப்படாத. வந்துருவோம்."

"அதிகாரி மதியத்துக்குள்ள வந்துருவாரு."

"நான் என்ன இஞ்சின் டிரைவராட்டி? வந்துருவோம்னு சொல்லுதேன்லா."

ரயில் மேகத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, வெள்ளை மட்டும். அவ்வப்போது வெள்ளை விலகினால் ஓர் அருவி தெரியும், பச்சை தெரியும், பிறகு மறுபடி மூடிக்கொள்ளும். பிள்ளைகள் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு பேசாமல் பார்த்தார்கள். இரண்டு நாள் ரயிலில் ஆடிய ஆட்டமெல்லாம் எங்கே போனதோ. வாஹிதுக்கே கண் சொருகியது. அவனுடைய தோல் பை தைக்கும் பட்டறை, கல்யாணம், பள்ளிக்கூடம் எல்லாம் எங்கோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது அவனுக்கு.

பக்கத்தில் பரீஹா, அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவனான அர்பாஸிடம் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஆறு வயது.

"உன் ஸ்கூல்ல டை இருக்கா?"

"டைன்னா?"

"கழுத்துல கட்டுவாங்கல்லா. மேரா வாலா, என்னோடது, மெரூன் கலர். மாட்டுங்கால வாங்கினோம்."

அர்பாஸின் உம்மா உமைரா, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவள், முந்தானையை விலக்கினாள்.

"ஏட்டி பரீஹா, நீ உம்மா ஸ்கூல்ல படிக்கலையா?"

"இல்ல மாமி. அது தமிழ் ஸ்கூல். நான் இங்கிலீஷ்."

உமைரா எழுந்து உட்கார்ந்தாள். மே மாதம் ஃபர்ஸானா தட்டிய கதவுகளில் திறக்கச் சிரமப்பட்ட கதவு அவளுடையது. "உங்க பிள்ளைய எங்க டீச்சர் சேத்திருக்கீங்க?" என்று நேருக்கு நேர் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஃபர்ஸானா சிரித்து, "இன்னும் முடிவு பண்ணல உமைரா" என்று சொல்லியிருந்தாள். அதற்கு முன்பே மெரூன் டை வாங்கியாகிவிட்டது.

"வாஹித் காக்கா, நெசமா?" அண்ணன் முறைக்காரனைப் பிடித்துக் கேட்டாள்.

வாஹிதுக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா" என்றான்.

"நல்லா இருக்கு காக்கா! அவிய பிள்ளைக்கு மாட்டுங்கா, எம் பிள்ளைக்கு ஒழுகுற மாடியா?"

அவன் வெளியே பார்த்தான். அந்த ஒழுகுற மாடியில்தான் அவன் படித்தான். பரீஹாவையும் அங்கேயே சேர்க்கலாம் என்று அவன் சொன்னபோது ஃபர்ஸானா மூன்று நாள் பேசவில்லை. அவளும் தமிழ் மீடியம்தான். காலேஜில் முதல் வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். "எம் பிள்ளை அப்படி உக்காரக் கூடாதுங்க" என்று அவள் அழுதபோது அவன் விட்டுக்கொடுத்துவிட்டான்.

ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள்.

*

உச்சி மாடியில் நெல்லையப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இரண்டாம் வகுப்பு வாத்தியார். இந்த மாடிக்கு ஃபர்ஸானாவுக்கு முன்பே வந்தவர். எந்த ஓட்டைக்கு எந்த வாளி என்று அவருக்குத் தெரியும்.

"டீச்சர், நான் சொல்லுதத கேளுங்க. கீழ ஹிந்தியில நம்ம தமிழ்ப் பிள்ளைங்க எத்தனை இருக்கு? ஒரு பதிமூணு பேர அரை மணி நேரம் மேல ஏத்துவோம். எண்ணிட்டுப் போகட்டும். போன வருஷம் உருதுக்காரங்களுக்கு நாம குடுக்கலையா?"

அதுவும் அந்தக் கட்டடத்து வழக்கம்தான். எண்ணுகிற நாளில் மாடிக்கு மாடி பிள்ளைகள் ஏறி இறங்கும். யாரும் தப்பாக நினைப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்குவதைப்போலத்தான்.

ஃபர்ஸானாவுக்கு ஆசையாக இருந்தது. ரொம்ப ஆசையாக இருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி. இன்னைக்கு ஏறின பிள்ளை நாளைக்கு இறங்கிரும். நமக்கு வேண்டியது உக்காந்து படிக்கிற பிள்ளை."

"இப்படிப் பேசிக்கிட்டே இருங்க. செம்பூருக்கு டிபன் கட்டிக்கிட்டு நாம ரெண்டு பேரும் போவோம்."

அதிகாரி கணேசபாண்டியன் நனைந்த பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஏறி வந்தார். மெலிந்த மனிதர். நாற்காலியில் உட்கார்ந்ததும், "எங்கம்மா பிள்ளைங்க?" என்றார்.

"ரயில்ல வந்துகிட்டு இருக்காங்க சார்."

"ரயில்லயா!" அவர் சிரித்துவிட்டார். "பஸ்ஸு கேள்விப்பட்டிருக்கேன், ஜுரம் கேள்விப்பட்டிருக்கேன். ரயிலு இப்பத்தான்."

"என் தப்பு சார். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

ஏனோ அவருக்குக் கோபம் வரவில்லை. இறங்கிப் போக மழையும் விடவில்லை. மதியச் சோறு வந்தது. பிள்ளைகளோடு ஒரு தட்டு கிச்சடி சாப்பிட்டார். கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஏழு பிள்ளைகளும் பாயில் தலை வைத்து ஒவ்வொன்றாகத் தூங்க, வாளிகளில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழ, அதிகாரியும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத மாதிரி இருந்தது அந்த அறை.

ஃபர்ஸானா மட்டும் வராந்தாக் கம்பியைப் பிடித்து நின்றாள். கீழே தகரக் கூரைகள், நீலப் பிளாஸ்டிக் விரிப்புகள், அதற்கு மேல் வெள்ளை மழை. காலையில் கண்ட கனவு இன்னும் முடியவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. யா அல்லாஹ், இந்தத் தடவை இறங்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

அப்போது படியில் சத்தம் கேட்டது.

அது ரயில் இல்லை. ஆனால் ரயில் மாதிரிதான் இருந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாக, நனைந்து சொட்டச் சொட்டப் பிள்ளைகள் ஏறி வந்தார்கள். பெண் பிள்ளைகள் தலையில் பூ வாடிக் கிடந்தது. ஒருத்தி கையில் அல்வாப் பொட்டலம். தாதர் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்து, கணுக்கால் தண்ணீரில் நடந்து, நேரே இங்கேதான் வந்திருக்கிறார்கள். கடைசியில் வாஹித், தோளில் ஒரு தூங்கும் பிள்ளையும் கையில் இரண்டு பெட்டியுமாக.

ஃபர்ஸானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உக்காருங்க, உக்காருங்க கண்ணுங்களா" என்று ஓடினாள்.

அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். "எல்லாரும் கைய தூக்குங்க பாப்போம்."

மருதாணிக் கைகள் எழுந்தன. பாயில் தூங்கி எழுந்த ஏழும் தூக்கின. நெல்லையப்பன் வாய்க்குள்ளேயே எண்ணினார். அவர் முகம் மாறியது.

"டீச்சர், அர்பாஸைக் காணல."

ஃபர்ஸானா வராந்தாவுக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். கீழே ஹிந்திப் பள்ளி வாசலில் உமைரா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள். மகனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இருபது!" உள்ளே அதிகாரியின் குரல். "அட, சரியா இருக்கே."

ஃபர்ஸானா திரும்பி ஓடினாள். கடைசி பெஞ்சில், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பரீஹா கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஃபர்ஸானா சும்மா இருந்தால் போதும். வகுப்பு பிழைத்துவிடும்.

"ஃபர்ஸானா, இங்க வா." வாசலில் வாஹித்.

வராந்தாவில் அவன் மெதுவாகத்தான் பேசினான். "உமைராவுக்குத் தெரிஞ்சிருச்சு. நம்ம பிள்ளை வாயாலயே. அதான் அவ கீழ போயிட்டா."

"அதுக்கு இப்ப என்ன செய்ய? பரீஹா இங்கயே இருக்கட்டுங்க. நீங்க ஆசைப்பட்டதுதான? சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?"

"இல்ல."

அவள் திகைத்துப் போனாள்.

"நான் கேக்கும்போது இந்த மாடி நம்ம பிள்ளைக்கு ஆகாதுன்ன. மூணு நாள் மூஞ்சி குடுக்கல. இன்னைக்கு ஒண்ணு குறையுதுன்னதும் ஆகுமா? நம்பிச் சேத்தா சேரு, ஃபர்ஸானா. எண்ணிக்கைக்கு எம் பிள்ளைய உக்கார வைக்காத."

காலையில் நெல்லையப்பனிடம் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே போனாள்.

"சார், பத்தொன்பதுன்னு எழுதுங்க."

"நான் இருபது எண்ணினேனே?"

"கடைசி பெஞ்சுல இருக்கறது என் பொண்ணு சார். அவள மாட்டுங்கால சேத்திருக்கேன்."

நெல்லையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். பரீஹா கையை இறக்கினாள். தான் என்ன தப்புச் செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

கணேசபாண்டியன் எதையும் எழுதாமல் பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? நீங்களே நம்பாத ஸ்கூலை நான் எதுக்கு காப்பாத்தணும்?"

அவள் காலேஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரியே நின்றாள்.

"திங்கக்கிழமை காலையில வருவேன். அன்னைக்கு எண்ணுறதுதான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டுப் பேண்டை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

*

வாஹித் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஃபர்ஸானா போகவில்லை. பத்தொன்பது பிள்ளைகளுக்கும் பாடம் எடுத்தாள். எடுக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை, தாய்மார்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை.

பலகையில் 'ம' எழுதினாள். மழைக்கு ம, மலைக்கு ம, மருதாணிக்கு ம. "அருவி பாத்தோம் டீச்சர்" என்றது ஒரு குட்டி. "அப்போ அதைச் சொல்லு" என்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள், பாதி தமிழ், பாதி ஹிந்தி. மேகத்துக்குள் ரயில் நின்றதை, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்ததை, அதைப் பிடித்து ஒருத்தன் டிபன் டப்பாவில் போட்டு மூடியதை. டப்பாவைத் திறந்தும் காட்டினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஃபர்ஸானாவும் பார்த்தாள்.

இங்கே யாரும் கடைசி பெஞ்சில் வாய் மூடி உட்கார்ந்திருக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மாடியில் நின்றவளுக்கு அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, என்ன சொல்வது, ஒரு சந்தோஷமும் இருந்தது.

சாயங்காலம் மழை தூறலாகிவிட்டது. சந்துகளில் மஞ்சள் பல்புகள் தண்ணீரில் மிதந்தன. மே மாதம் தான் தட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி அவள் நடந்தாள். உமைராவின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். கையைத் தூக்கினாள். இறக்கிக்கொண்டாள். அங்கே போவதற்கு முன் தட்ட வேண்டிய கதவு ஒன்று இருந்தது.

தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். சாவி பையில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. குடையை மடக்கி, முக்காட்டைச் சரிசெய்து, கதவைத் தட்டினாள்.

"யாரு?" வாஹிதின் குரல்.

"மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துலேருந்து வாரேன்." வழக்கமான வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். "உங்க வீட்டுல ஒண்ணாங் கிளாஸுக்கு ஒரு பிள்ளை இருக்குன்னு சொன்னாங்க."

தாழ்ப்பாள் விலகியது. எல்லா வீட்டிலும் திறப்பதைப்போலக் கதவு பாதிதான் திறந்தது. வாஹித் சிரிக்கவில்லை. அவன் முழங்காலுக்குப் பின்னாலிருந்து பரீஹா எட்டிப் பார்த்தாள், கழுத்தில் மெரூன் டை.

அவன் மனைவியை நன்றாகப் பார்த்தான். யாரோ தெரியாத டீச்சரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சேக்குறது இருக்கட்டும்" என்றான். "உங்க பிள்ளைய எங்க டீச்சர் சேத்திருக்கீங்க?"